பைக் பார்ட்ஸ், ரைடிங் கியர்: எதை உள்ளூரில் வாங்குவது, எதை வெளிநாட்டிலிருந்து வரவழைப்பது?

கேள்வி இதுதான்: பத்து வருடம் ஓடிய பைக். செயின் செட், முன் பிரேக் பேட், கிளட்ச் பிளேட், ஃபோர்க் (முன் சக்கரத்தைத் தாங்கும் சஸ்பென்ஷன் குழாய்) ஆயில் சீல் எல்லாம் மாற்ற வேண்டிய நிலை. ஹெல்மெட், ஜாக்கெட், கையுறை, பூட்ஸும் புதிதாக வாங்க வேண்டும். வெளிநாட்டுத் தளங்களில் பார்த்தால் விலை உள்ளூரைவிட நன்றாகக் குறைவு. எல்லாவற்றையும் சேர்த்து ஒரே ஆர்டராகப் போட்டுவிடலாமா?

போடாதீர்கள். பாதியைப் போடலாம். எந்தப் பாதி என்பதைத்தான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

விலையை ஒப்பிடுவது சுலபம், அதனால் எல்லோரும் அங்கேதான் தொடங்குகிறோம். இரண்டு வழியிலும் பல வருடம் வாங்கி, இரண்டு வழியிலும் கையைச் சுட்டுக்கொண்ட பிறகு நான் முதலில் கேட்டுக்கொள்ளும் கேள்வி வேறு: இந்தப் பொருள் தப்பாக வந்து சேர்ந்தால் என்ன செய்வேன்? பக்கத்துக் கடையில் வாங்கியதென்றால் மறுநாள் கொண்டுபோய் மாற்றிக்கொள்ளலாம். கடல் தாண்டி வந்ததென்றால் திருப்பி அனுப்பும் செலவே பொருளின் விலையில் பெரும் பங்கைத் தின்றுவிடும். கட்டிய சுங்க வரியைத் திரும்ப வாங்குவது தனி அலைச்சல். அதனால் தப்பாக வர வழியில்லாத பொருளை எங்கிருந்து வேண்டுமானாலும் வரவழைக்கலாம். தப்பாக வரக்கூடியதைத் தொட்டுப் பார்த்து, போட்டுப் பார்த்து வாங்கும் இடத்தில் வாங்குவதே மேல்.

முதலில் பார்ட்ஸ். இங்கே தப்பு வராமல் காப்பாற்றுவது எண். பைக்கின் பெயரையும் வருடத்தையும் சொல்லி வாங்குவது பாதி வழிதான். கம்பெனியின் பார்ட் எண்ணைப் பிடித்துவிட்டால் உலகத்தில் எந்த மூலையில் கேட்டாலும் அதே பொருள்தான் வரும்.

ஹோண்டாவை எடுத்துக்கொள்வோம். அதன் ஆயில் ஃபில்டர் ஒன்றின் எண் 15410-எம்எஃப்ஜே-டி01. முதல் ஐந்து இலக்கம் பொருள் என்ன என்று சொல்கிறது. 15410 என்றால் ஆயில் ஃபில்டர். முன் பிரேக் பேட் செட் என்றால் 06455 என்று தொடங்கும். நடுவில் உள்ள மூன்று எழுத்து, அந்தப் பாகம் முதலில் எந்த மாடலுக்காகச் செய்யப்பட்டதோ அதன் குறி. கடைசியில் வருவது அதன் வகை, திருத்தம். இது தெரிந்தால் ஒரு குழப்பம் தீரும்: வேறு மாடலின் குறி போட்ட பாகம் உங்கள் பைக்கின் பட்டியலில் இருந்தால் பதற வேண்டாம். அந்த ஒரே பாகத்தைப் பல வண்டிகளில் போட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான். யமஹாவில் வரிசை மாறி மாடல் குறி முன்னால் வரும். ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒரு கணக்கு. ஆனால் எல்லா இடத்திலும் வழி ஒன்றே: ஃபிரேமில் அடித்திருக்கும் 17 இலக்க எண்ணை வைத்து, பாகங்களைப் பிரித்து வரைந்து காட்டும் கம்பெனிப் படப் பட்டியலில் தேடி, எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். சில எண்கள் பழையதாகிப் புதிய எண் வந்திருக்கும். பழைய எண்ணில் "ஸ்டாக் இல்லை" என்று ஒரு தளம் சொன்னால் புதிய எண் உண்டா என்று பாருங்கள். கிடைக்கவே கிடைக்காது என்று கைவிட்ட பாகம் பல நேரம் புதிய எண்ணில் கிடைத்துவிடும்.

பெயரை நம்பி ஏமாந்த கதை என்னிடமே உண்டு. ஒருமுறை முன் பிரேக் பேடை மாடல் பெயரும் வருடமும் கொடுத்து வெளிநாட்டிலிருந்து வரவழைத்தேன். மூன்று வாரம் கழித்து வந்தது. பெட்டியில் என் பைக்கின் பெயர் அழகாக அச்சாகியிருந்தது. பேடோ காலிபருக்குள், அதாவது பேடைப் பிடித்து டிஸ்க்கில் அழுத்தும் பாகத்துக்குள், போகவில்லை. விசாரித்ததில், விற்றவர் நாட்டுக்குப் போன வண்டியில் வேறு காலிபர் என்று தெரிந்தது. விற்றவர் மேல் தப்பில்லை, அவர் ஊருக்கு அது சரியான பேட்தான். திருப்பி அனுப்பும் செலவைக் கேட்டேன்; கேட்டதோடு சரி. அந்தப் பேட் இன்றும் என் டூல் பெட்டிக்குள் இருக்கிறது.

ஒரே பெயரில் விற்கும் பைக் நாட்டுக்கு நாடு மாறும் என்பதைப் பலரும் யோசிப்பதில்லை. புகை விதிக்காக எக்ஸாஸ்ட், சென்சார், ஈசியு (என்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி) மாறும். ஸ்பீடோமீட்டர் மைலில் இருக்கும். ஹெட்லைட் மாறும், அதுவும் ஆபத்தாக மாறும். சாலையின் இடப்பக்கம் ஓட்டும் நாட்டுக்கான ஹெட்லைட்டின் டிம் வெளிச்சம் இடப்பக்கமாக ஏறும். வலப்பக்கம் ஓட்டும் நாட்டுக்கானது வலப்பக்கமாக. மாற்றிப் போட்டால் எதிரில் வருபவரின் கண்ணில் நேராக அடிக்கும். ஐ.நா. விதிப்படி முத்திரை பெற்ற ஹெட்லைட்டின் கண்ணாடியிலேயே இதற்கு விடை இருக்கிறது. அம்புக்குறி இல்லையென்றால் அது வலப்பக்கப் போக்குவரத்துக்கு. விளக்குக்கு எதிரில் நின்று பார்க்கும்போது வலப்பக்கம் காட்டும் அம்பு இருந்தால் இடப்பக்கப் போக்குவரத்துக்கு. இருபக்க அம்பு என்றால் இரண்டுக்கும் மாற்றிக்கொள்ளலாம். பழைய ஹெட்லைட் யூனிட் வாங்குபவர்கள் விற்பவரிடம் அந்த இடத்தைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.

அப்புறம் டூப்ளிகேட். எண் சரியாக இருந்துவிட்டால் பொருளும் சரி என்று நினைத்துவிடக் கூடாது, ஏனென்றால் டூப்ளிகேட் செய்பவரும் எண்ணைச் சரியாகத்தான் அச்சடிப்பார். ஸ்பார்க் பிளக், செயின், பிரேக் பேட், லீவர், பெயர்பெற்ற சஸ்பென்ஷன், எக்ஸாஸ்ட் ஆகியவற்றில் போலி தாராளம். பலர் கடை விரிக்கும் பெரிய தளங்களில் தளத்தின் பெயரைப் பார்க்காமல், உள்ளே விற்பவர் யார் என்று பாருங்கள். நான் வைத்திருக்கும் எல்லை இது: உடைந்தாலோ வழுக்கினாலோ என்னைக் கீழே தள்ளக்கூடிய பொருளை, அந்தக் கம்பெனி தன் விநியோகஸ்தர் என்று பெயர் போட்டுக் காட்டும் ஆளிடம் மட்டும் வாங்குவேன். அவர் உள்ளூரிலும் இருக்கலாம், வெளிநாட்டிலும் இருக்கலாம். இண்டிகேட்டர், ஃபுட்ரெஸ்ட் ரப்பர், கைப்பிடி மாதிரிச் சாமான்களுக்கு இவ்வளவு கறார் தேவையில்லை.

செயின் செட்டைப் பொறுத்தவரை, அளவு தெளிவாகத் தெரிந்தால் எங்கும் வாங்கலாம். 520, 525, 530 ஆகிய மூன்றிலும், லிங்குகளைக் கோக்கும் அடுத்தடுத்த இரண்டு ஊசிகளுக்கு நடுவே உள்ள இடைவெளி ஒன்றே, 15.875 மி.மீ. மாறுவது உள் அகலம்: 1/4, 5/16, 3/8 அங்குலம். 428 என்றால் இடைவெளி 12.7 மி.மீ. கூடவே எத்தனை லிங்க், முன் பின் ஸ்ப்ராக்கெட்டில் எத்தனை பல், பின் ஸ்ப்ராக்கெட்டின் போல்ட் துளைகள் எப்படி என்பதையும் எழுதிவைத்துக்கொள்ளுங்கள். இரும்பு என்பதால் எடை ஏறும், அனுப்பும் செலவும் ஏறும். உள்ளூரில் நம்பகமான ஒன்று கிடைத்தால் விலை கொஞ்சம் கூடினாலும் அதையே எடுப்பேன். ரிவெட் லிங்க் வைத்த செயின் வாங்கினால் அதை அடிக்கும் டூல் உங்களிடமோ மெக்கானிக்கிடமோ இருக்க வேண்டும்.

பிரேக் பேடின் பின் தகட்டில் இரண்டு எழுத்து இருக்கும், எஃப்எஃப், ஜிஜி, எச்எச் என்று. சூடு ஏறாதபோதும் சூடேறிய பிறகும் எவ்வளவு பிடிக்கிறது என்பதன் குறி அது. ஜி என்றால் உராய்வுக் கெழு 0.45 முதல் 0.55 வரை, எச் என்றால் அதற்கும் மேல். மலிவாகக் கிடைக்கிறதே என்று எச்எச் இருந்த இடத்தில் எஃப்எஃப் வாங்கிப் போட்டால், முதல் அவசர பிரேக்கில்தான் வித்தியாசம் தெரியும். வாங்குவதற்கு முன் பழைய பேடைக் கழற்றிப் பாருங்கள்.

இனி பலருக்குத் தெரியாத ஒரு வழி. வீல் பேரிங்கை பைக் கம்பெனி செய்வதில்லை, பேரிங் கம்பெனியிடம் வாங்கித் தன் பெட்டியில் போட்டு விற்கிறது. பழைய பேரிங்கின் ஓரத்தைத் துடைத்துப் பாருங்கள், 6204-2ஆர்எஸ் போல ஓர் எண் இருக்கும். 6204 என்றால் உள் விட்டம் 20, வெளி விட்டம் 47, அகலம் 14 மி.மீ.; 2ஆர்எஸ் என்றால் இரண்டு பக்கமும் ரப்பர் சீல். உலகம் முழுக்க இதே கணக்கு. மோட்டார், பம்ப்செட் ரிப்பேர் பார்ப்பவர்கள் போகும் பேரிங் கடையில் நல்ல கம்பெனி பேரிங் அன்றைக்கே கிடைக்கும். இதற்காகக் கடல் தாண்ட வேண்டியதில்லை. ஆயில் சீலும் அப்படியே, அதன் முகத்திலேயே 41-54-11 என்பது போல மூன்று அளவு பதிந்திருக்கும். ஆனால் ஃபோர்க் சீலில் மட்டும் நான் கஞ்சத்தனம் காட்டமாட்டேன். சாதாரண சீல் சுழலும் தண்டுக்கானது. ஃபோர்க் சீல் மேலும் கீழும் ஓடும் குழாய்க்கானது, அதன் உதடு வேறு மாதிரி. அளவு பொருந்துகிறது என்று பொதுக் கடைச் சீலைப் போட்டால் சில மாதத்தில் மறுபடியும் எண்ணெய் கசியும். கம்பெனி சீலோ, ஃபோர்க்குக்கென்றே செய்த சீலோ வாங்குங்கள். எடை ஒன்றுமில்லை, எண் நிச்சயம், உறையில் போட்டு அனுப்பலாம். வெளிநாட்டு ஆர்டருக்கு என்றே பிறந்த சாமான்.

என்ஜின் ஆயில், ஃபோர்க் ஆயில், கூலண்ட் எல்லாம் உள்ளூரில்தான். எடை ஒரு காரணம். எங்கும் கிடைக்கும் என்பது இன்னொன்று. ஆயிலுக்குள் ஓடும் கிளட்ச் உள்ள வண்டிக்கு டப்பாவில் ஜாசோ (ஜப்பானியத் தரக் குறி) எம்ஏ அல்லது எம்ஏ2 என்று இருந்தால் போதும், அந்த முத்திரை கிளட்ச் வழுக்காததற்குத்தான். ஸ்ப்ரே டப்பாவில் வரும் செயின் லூப், கிளீனர் போன்றவை எரியக்கூடிய அழுத்த வாயு என்பதால் விமானத்தில் ஆபத்தான சரக்கு. லித்தியம் பேட்டரிக்கும் அதே கதை. தனியாக அடைத்த லித்தியம் அயன் பேட்டரியைப் பயணிகள் விமானத்தில் சரக்காக ஏற்றுவது 2016 ஏப்ரல் முதல் தடை. கேஸ் சிலிண்டர் வைத்த ஏர்பேக் வெஸ்டும் இதே சிக்கலில் மாட்டும், வந்து சேர்ந்தாலும் சிலிண்டரை மறுபடி வாங்கும் இடம் உள்ளூரில் இல்லையென்றால் ஒருமுறை விரிந்ததோடு அது வெறும் சட்டை. டயரும் வேண்டாம். பக்கவாட்டில் நான்கு இலக்கத் தயாரிப்புக் குறி இருக்கும், 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். கடையில் நின்று இதைப் பார்த்துவிட்டு "இது பழசு, வேற எடுங்க" என்று சொல்லலாம். தளத்தில் கையில் கிடைப்பதுதான் டயர்.

நேரத்தையும் கணக்கில் எடுங்கள். வண்டியைப் பிரித்துப்போட்டுவிட்டு ஒரு பாகத்துக்காக மூன்று வாரம் சுங்கத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தால், அதுவரை போகவர ஆகும் செலவிலேயே மிச்சம் பிடித்த காசு கரைந்துவிடும். இது தேய்மானப் பொருள்களுக்குப் பொருந்தாது. செயின் எப்போது தேயும் என்று முன்பே தெரியும். ஓடும் வண்டிக்கு முன்கூட்டியே வாங்கிவைக்கும் சாமான் வெளிநாட்டிலிருந்து வரலாம். நின்றுபோன வண்டிக்குத் தேவைப்படும் சாமான், கிடைக்குமானால் உள்ளூரில் வாங்கத்தான் வேண்டும்.

சரி, கியர். இங்கே எண் உதவாது, உடம்புதான் அளவு.

ஹெல்மெட்டில் தொடங்குவோம், ஏனென்றால் அதிகம் ஏமாறுவது அங்கேதான். புருவத்துக்கு மேலே டேப் சுற்றி 58 செ.மீ. என்று அளந்து, மீடியம் என்று ஆர்டர் போடுகிறோம். சுற்றளவு ஒன்றாக இருக்கும் இரண்டு தலைகள் வடிவத்தில் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. ஒருவருக்கு முன்பின்னாக நீண்ட தலை, இன்னொருவருக்கு உருண்டைத் தலை. ஹெல்மெட் செய்பவர்கள் நீள்வட்டம், நடுத்தர வட்டம், உருண்டை என்று அச்சுகளைப் பிரித்தே செய்கிறார்கள். நீண்ட தலைக்காரர் உருண்டை ஹெல்மெட்டைப் போட்டால் முதல் ஐந்து நிமிடம் ஒன்றும் தெரியாது. அரை மணியில் நெற்றி நடுவில் யாரோ விரலால் அழுத்துவதுபோல இருக்கும், ஒரு மணியில் தலைவலி. நானும் அப்படி ஒன்று வாங்கி, பழகிவிடும் என்று இரண்டு மாதம் என்னையே ஏமாற்றிக்கொண்டேன். கன்னத்துப் பஞ்சு பழகும், மாற்றவும் முடியும். நெற்றியில் அழுத்துவது தெர்மோகோல் போன்ற உள் வார்ப்பு, அது பழகாது.

அதோடு ஒரே ஹெல்மெட் சந்தைக்குச் சந்தை வேறு பெயரில் வரும். ஷோயி கம்பெனியின் ஒரு மாடல் வட அமெரிக்காவில் ஆர்எஃப்-1400, ஐரோப்பாவில் என்எக்ஸ்ஆர்2, ஜப்பானில் இசட்-8. பெயரோடு ஒப்புதல் முத்திரையும் மாறும், உள் பொருத்தமும் மாறலாம். நண்பர் ஒருவருடைய ஹெல்மெட்டைப் போட்டுப் பார்த்துவிட்டு "அதே மாடல்தானே" என்று வேறொரு நாட்டிலிருந்து வரவழைப்பவர்கள் இதைக் கவனியுங்கள்.

முத்திரையைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஐரோப்பிய நாடுகளும் இன்னும் பல நாடுகளும் ஏற்கும் ஈசிஇ விதியின் புதிய பதிப்பு 22.06. பழைய 22.05-இல் இல்லாத, தலை சுழலும் விதமான மோதல் சோதனை இதில் சேர்ந்திருக்கிறது. கூடிய வேகத்திலும் குறைந்த வேகத்திலும் மோதிப் பார்க்கிறார்கள். தாடைப் பட்டையில் தைத்த சீட்டில் வட்டத்துக்குள் ஆங்கில இ எழுத்தும் ஓர் எண்ணும் இருக்கும். அந்த எண் ஒப்புதல் கொடுத்த நாடு: 1 ஜெர்மனி, 2 பிரான்ஸ், 3 இத்தாலி, 4 நெதர்லாந்து. அது தயாரித்த நாடு என்று நினைத்துக் குழம்புபவர்கள் உண்டு. அமெரிக்காவின் டாட் முத்திரை முறை வேறு. அங்கே தயாரிப்பாளரே தன் ஹெல்மெட் விதிக்கு உட்பட்டது என்று சான்று கூறிக்கொள்கிறார். அரசு பிறகு சந்தையிலிருந்து எடுத்துச் சோதிக்கிறது. அதனால்தான் வெறும் டாட் ஸ்டிக்கர் ஒட்டிய பொம்மை ஹெல்மெட்டுகள் இணையத்தில் இவ்வளவு திரிகின்றன. எது உயர்ந்தது என்ற வாதத்தை விட்டுவிடுங்கள். உங்கள் நாட்டுச் சட்டம் எந்த முத்திரையைக் கேட்கிறதோ அது இல்லாத ஹெல்மெட் எவ்வளவு நல்லதானாலும் சாலையில் அபராதத்துக்கும், விபத்துக்குப் பிறகு காப்பீட்டுத் தகராறுக்கும் இடம் கொடுக்கும்.

ஹெல்மெட் பெட்டி எங்கே எப்படி விழுந்து வந்தது என்பதும் நமக்குத் தெரியாது. உள் வார்ப்பு ஒருமுறைதான் நசுங்கும், வெளியே கீறல்கூட இல்லாமல் நசுங்கலாம். இன்னொன்று: வைசரும் கன்னப் பஞ்சும் உள்ளூரில் கிடைக்காத ஹெல்மெட்டை வாங்காதீர்கள். வைசர் கீறிப்போன அன்று வருத்தப்படுவீர்கள்.

ஜாக்கெட்டில் கொஞ்சம் தாராளம் காட்டலாம், நிபந்தனையோடு. ஐரோப்பிய 52 என்றால் அமெரிக்க 42, பத்து வித்தியாசம். அதைவிட வெட்டுதான் முக்கியம். இத்தாலிய வெட்டு இடுப்பிலும் கையிலும் ஒட்டி வரும், அமெரிக்க வெட்டு தொளதொளவென்று இருக்கும். தொளதொள ஜாக்கெட் விலையில் லாபம், விழும்போது நஷ்டம். முழங்கைக் கவசம் முழங்கையைவிட்டு விலகிப் போய்விடும். அதே கம்பெனியின் அதே வெட்டை முன்பு போட்டிருந்தால் மட்டும் வெளிநாட்டில் ஆர்டர் போடுங்கள்.

வாங்கும்போது சீட்டைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். இஎன் 17092 என்ற ஐரோப்பியத் தரத்தில் ஏஏஏ தான் உச்சம், பிறகு ஏஏ, ஏ. பி என்றால் ஏ அளவுக்கு உராய்வு தாங்கும், ஆனால் கவசம் இல்லாதது. சி என்றால் கவசத்தைப் பிடித்துவைக்கும் வலை மட்டும், தரையில் உரசினால் அந்தத் துணி காப்பாற்றாது. கவசத்துக்குத் தனிச் சீட்டு, இஎன் 1621. கை கால் கவசத்தில் நிலை 1 என்றால் அடியில் உள்ளே கடக்கும் விசை சராசரியாக 35 கிலோநியூட்டனுக்குள், நிலை 2 என்றால் 20-க்குள். முதுகுக் கவசத்தில் இதுவே 18, 9. இந்த இடத்தில் பெரிய ஏமாற்று ஒன்று நடக்கிறது. பல ஜாக்கெட்டுகளில் முதுகுப் பைக்குள் இருப்பது வெறும் ஸ்பாஞ்ச். தோளிலும் முழங்கையிலும் முத்திரை பெற்ற கவசம் இருக்கும், முதுகில் இருப்பதில் எந்த எண்ணும் இருக்காது. விளம்பரத்தில் "கவசங்களுடன்" என்று மட்டும் போட்டிருப்பார்கள். முதுகுக் கவசத்தைத் தனியாக வாங்க வேண்டும். அது தட்டையான, அளவு தெரிந்த, உடம்புக்கு உடம்பு மாறும் தொல்லை இல்லாத பொருள். ஜாக்கெட்டின் பையை அளந்துகொண்டு வெளிநாட்டிலிருந்து தாராளமாக வரவழைக்கலாம்.

கையுறையும் பூட்ஸும் போட்டுப் பார்க்காமல் வாங்கக் கூடாது. உள்ளங்கைச் சுற்றளவு அட்டவணையோடு பொருந்தும், கட்டைவிரல் பொருந்தாது. கைப்பிடியைப் பிடித்தவாறு விரல்களை மடக்கும்போது நுனி இடித்தால் அரை மணியில் கை மரத்துப்போகும். கடையில் கையுறையைப் போட்டதும் வெளியே நிற்கும் உங்கள் பைக்கின் கிளட்சைப் பத்துத் தடவை பிடித்துப் பாருங்கள். சட்டையிலும் பேண்ட்டிலும் ஒரு விரல்கடை வித்தியாசம் பரவாயில்லை, கையில் அது ஆகாது. பூட்ஸ் சீட்டில் நான்கு இலக்கம் இருக்கும், ஒவ்வொன்றும் 1 அல்லது 2: உயரம், உராய்வு, வெட்டு, பக்கவாட்டில் நசுங்காமை. கடைசி இலக்கத்தைக் கட்டாயம் பாருங்கள். பைக் காலின்மேல் விழும்போது பேசுவது அதுதான்.

இப்போது அந்த மலிவு விலைக்கு வருவோம். கூரியர்காரர் நிஜ எடையை மட்டும் பார்ப்பதில்லை, பெட்டியின் நீள அகல உயரத்தை செ.மீ.-இல் பெருக்கி 5000-ஆல் வகுத்து வரும் கிலோவையும் பார்ப்பார். எது அதிகமோ அதற்குக் கட்டணம். 40, 30, 30 செ.மீ. ஹெல்மெட் பெட்டி 7.2 கிலோ என்று கணக்காகும், உள்ளே இருப்பது ஒன்றரைக் கிலோதான். பூட்ஸுக்கும் எக்ஸாஸ்ட்டுக்கும் இதே கதி.

பிறகு சுங்கம். பல நாடுகளில் வரி பொருளின் விலைமேல் மட்டும் போடப்படுவதில்லை, அனுப்பும் செலவும் காப்பீடும் சேர்ந்த தொகையின்மேல் போடப்படுகிறது. அதன்மேல் உள்நாட்டு விற்பனை வரி. பொருள் 100, அனுப்பும் செலவு 25, சுங்கம் 10 சதவீதம், விற்பனை வரி 20 சதவீதம் என்று வைத்துப் பாருங்கள். 125-க்குச் சுங்கம் 12.5, கூட்டினால் 137.5, அதற்கு வரி 27.5. மொத்தம் 165. கூரியர் கம்பெனி நமக்காக வரி கட்டியதற்குக் கேட்கும் கட்டணமும், வங்கி வெளிநாட்டு நாணயத்துக்குப் பிடிப்பதும் இன்னும் வெளியே இருக்கின்றன. உள்ளூர்க் கடைக்காரர் 160 சொன்னபோது "கொள்ளை" என்று திட்டியிருப்போம்.

சதவீதத்தை ஊகிக்க வேண்டாம், சுங்க வகை எண்ணை வைத்துப் பாருங்கள். பைக் பாகங்கள் 8714.10, ஹெல்மெட் 6506.10, ரோலர் செயின் 7315.11. முதல் ஆறு இலக்கம் எல்லா நாட்டுக்கும் பொது, வரி வீதம் மட்டும் மாறும். சின்னப் பார்சலுக்கு வரி இல்லை என்ற பழைய நினைப்பையும் சரிபாருங்கள். ஐரோப்பிய ஒன்றியம் 22 யூரோ வரையிலான பார்சலுக்குக் கொடுத்த மதிப்புக்கூட்டு வரி விலக்கை 2021 ஜூலையில் எடுத்துவிட்டது. 800 டாலர் வரை வரியில்லாமல் விட்ட அமெரிக்கா அதை 2025 ஆகஸ்டில் நிறுத்தியது. "பரிசு என்று எழுதி, விலையைக் குறைத்துப் போடுகிறேன்" என்று விற்பவர் சொன்னால் வேண்டாம் என்று சொல்லுங்கள். அது சட்டப்படி குற்றம். பார்சல் தொலைந்தால் காப்பீடும் எழுதிய விலைக்குத்தான் கிடைக்கும்.

நமக்குச் சாதகமான ஒன்றும் உண்டு. ஐரோப்பியத் தளங்கள் காட்டும் விலையில் அந்த நாட்டு வரி சேர்ந்திருக்கும், ஜெர்மனியில் 19 சதவீதம். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே உள்ள முகவரி கொடுத்தால் அதைக் கழிக்கலாம்: 119 என்று இருப்பது 100 ஆகும். கழியவில்லையென்றால் எழுதிக் கேளுங்கள்.

கடையில் பத்து ஹெல்மெட்டைப் போட்டுப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்து வெளிநாட்டில் ஆர்டர் போடுவது சரியா என்று சிலர் கேட்பார்கள். நான் செய்வதில்லை. அந்தப் பத்து ஹெல்மெட்டை வாங்கி அடுக்கிவைக்க அவர் போட்ட முதலுக்கும், அரை மணி நின்று பேசியதற்கும் சேர்த்துத்தான் அந்த விலை. இதற்குப் பதில், "இந்த விலைக்கு வெளியே வருகிறது, நீங்கள் எவ்வளவு குறைப்பீர்கள்?" என்று முகத்துக்கு நேரே கேட்பேன். பாதி தூரமாவது இறங்கி வருவார்கள். இறங்காவிட்டால் கன்னப் பஞ்சை மாற்றிக் கொடுப்பார்கள், வைசர் ஒன்றைச் சேர்த்துக் கொடுப்பார்கள்.

உங்கள் பட்டியலுக்கு வருகிறேன். ஹெல்மெட், கையுறை, பூட்ஸ் உள்ளூர். ஜாக்கெட்டும் உள்ளூர், அதில் முதுகுக் கவசம் ஸ்பாஞ்ச் என்றால் நல்லதாக ஒன்றை வெளியே இருந்து. ஆயில்கள் உள்ளூர். செயின் செட்டுக்கு உள்ளூர் விநியோகஸ்தரிடம் விலை கேட்டு, வரி எல்லாம் சேர்த்த தொகையோடு ஒப்பிட்டு முடிவு செய்யுங்கள். பிரேக் பேடும் கிளட்ச் பிளேட்டும் ஃபோர்க் சீலும், எண் கையில் இருந்தால், ஒரே சின்னப் பார்சலில் வெளியே இருந்து வரட்டும். தூசியைத் தடுக்கும் டஸ்ட் சீலையும் அதிலேயே சேர்த்துவிடுங்கள், ஃபோர்க்கை இரண்டு முறை பிரிக்க வேண்டாம்.

கிளட்ச் பிளேட் ஆர்டர் போடும்போது கிளட்ச் கவர் கேஸ்கெட்டையும் போட மறந்துவிடாதீர்கள். பத்து வருடம் ஒட்டியிருந்த கேஸ்கெட் கவரைக் கழற்றும்போது கிழியத்தான் செய்யும். பார்சல் வந்து, கேஸ்கெட்டைக் கவரின்மேல் வைத்துத் துளைகள் எல்லாம் நேராக வருகின்றனவா என்று பார்த்த பிறகு முதல் போல்ட்டைக் கழற்றுங்கள்.